பிளக்ஸ் கடையில் மை விழுந்த கதை

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், நடத்துநருக்கு மனசிருந்தால் மட்டும் பேருந்து நிற்கிற முத்தூரணியில், சடங்கானாலும் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் சாவானாலும் முச்சந்தியில் பிளக்ஸ் தட்டி கட்டாவிட்டால் அது நடந்ததாகவே யாரும் ஒத்துக்கொள்வதில்லை என்று ஆகிவிட்டிருந்த காலத்தில், அந்தத் தட்டிகளையெல்லாம் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த செண்பகவல்லியின் கம்ப்யூட்டர் ஒரு மத்தியானம் கண் இருண்டுபோனது. மின்சாரம் போகவில்லை. தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பெட்டிக்குள் இருந்த சின்ன விசிறி பேய் பிடித்த மாதிரி இரைந்துகொண்டிருந்தது, திரை மட்டும் கரிச்சட்டியின் அடிப்பக்கமாக முழுக்கக் கறுத்துவிட்டது.

அப்போது அவள் செய்துகொண்டிருந்தது ஒரு கண்ணீர் அஞ்சலித் தட்டி. செத்தவள் வேலுமயிலின் மகள் சுகப்பிரியா. செத்தவள் என்றால் நிஜமாகச் செத்தவள் இல்லை. மதுரையில் நர்சிங் படிக்கப் போன இடத்தில் வேற்றுச் சாதிப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு எங்கேயோ உயிரோடுதான் இருந்தாள். அப்படிப் போய்விட்ட பெண்ணுக்குத் தலை முழுகி, படத்துக்கு மாலை வைத்து, ‘ஆழ்ந்த வருத்தத்துடன் குடும்பத்தார்’ என்று ஊருக்குத் தட்டியும் கட்டிவிடுவது அந்தப் பக்கத்தில் வழக்கமாகியிருந்தது, வேலுமயிலும் அவன் மச்சினன் செல்லத்துரையும் வந்து, ஏதோ புது வீட்டுக்கு வாழைத்தார் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். செண்பகத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான். கல்லூரி விண்ணப்பத்துக்காக வந்து உட்கார்ந்த பெண், வாசலில் எதையோ பார்த்துக் குபீரென்று சிரித்துவிட, அந்தச் சிரித்த படத்தையும் அழிக்காமல் வைத்திருந்தாள். இப்போது அதே சிரிப்புக்கு மேல் மாலையை இழுத்துவைத்து, ‘தோற்றம்’ என்ற இடத்தில் பிறந்த தேதியை அடித்து, ‘மறைவு’ என்ற இடத்துக்கு வந்து என்ன போடுவது என்று தெரியாமல், அதுவரை செய்ததைச் சேமிக்கக் கொடுத்துவிட்டு விரலை எடுத்தாள். அந்த நேரத்தில்தான் திரை கறுத்தது.

எதிர்க் கடையிலிருந்து டீ கொண்டுவந்த சங்கிலிப்பாண்டி, டம்ளரை மேசையில் வைக்கப்போனவன் அப்படியே நின்று குனிந்து பார்த்தான்.

“மதினி, இது நம்ம கிடாதான?”

“எது?”

“இந்தா நிக்கிதே, காது கிழிஞ்ச கிடா. கல்கெடங்குக்குப் பின்னாடி கருவேல மரத்துல கட்டிக் கெடக்கு. கயித்தப் பாத்தாலே களவாண்டது எவன்னு தெரியுதே.”

செண்பகம் பார்த்தாள். கறுப்பும், கறுப்பில் தெரிந்த தன் வியர்த்த முகமும்தான் இருந்தன. சங்கிலிப்பாண்டி கடையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுப் போனான், கிடாயோடு திரும்பினான், திரும்பி வந்து அதைப் பற்றி ஆச்சரியமாக ஒரு வார்த்தை பேசாமல், டீக்குச் சீனி போதுமா என்று மட்டும் கேட்டான்.

ஊரும் ஆச்சரியப்படவில்லை. வெற்றிலையில் மையைத் தடவி, அதை உற்றுப் பார்த்து, களவுபோன பொருள் இருக்கிற இடத்தைச் சொல்வது அந்தச் சீமைக்குப் புதிதில்லை. மை போடுகிற ஆள் செத்துப்போய் ஊர் கையொடிந்த மாதிரி இருந்த நேரத்தில், வெற்றிலை அளவு மை போய்த் திரை அளவு மை வந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய தட்டி எதையாவது சேமிக்கக் கொடுத்தால், பாதி ஏறுவதற்குள் திரை கறுக்கும். கறுத்த திரைக்கு முன்னால் பொருளைத் தொலைத்தவர் உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு மட்டும் அது இருக்கிற இடம் தெரியும். ஒருத்தியின் மூக்குத்தித் திருகாணி அவள் வீட்டுக் கோழியின் இரைப்பையில் தெரிந்தது. ஒருவனுடைய தண்ணீர் மோட்டார் அவன் கூடப்பிறந்தவன் வைக்கோல் படப்புக்குள் தெரிந்தது. தொலைத்தவர்கள் எழுந்து போய் எடுத்துக்கொண்டார்கள், எடுத்த இடத்தில் சண்டை போட்டார்கள், சண்டை போட்ட கையோடு அடுத்ததைத் தேட வந்தார்கள்.

செண்பகத்துக்கு வேலை கெட்டது. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் தனியே திரும்பி வந்து, யார் வாசலிலும் நிற்காமல் அவள் நிமிர்ந்தது இந்தக் கம்ப்யூட்டரை வைத்துத்தான். கோவில்பட்டியிலிருந்து சர்வீஸ் பார்க்கிற அருமைநாயகத்தை வரச்சொன்னாள். அவன் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டான், மானிட்டர் கேபிளை மாற்றினான், பவர் சப்ளை பெட்டியைக் கழற்றி வேறொன்று வைத்துப் பார்த்தான், தட்டியைச் சேமிக்கக் கொடுத்தால் திரை கறுக்கிறபடியே கறுத்தது. கடைசியில் பக்கத்துத் தகரத்தைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“கிராபிக்ஸ் கார்டுதான் அக்கா. கனமான கார்டு, முட்டு இல்லாம ஒரு பக்கமாத் தொங்குது. சூடேறுனா இன்னும் தொங்கி, ஸ்லாட்டுல இருந்து லேசா வெலகிருது. கரண்டு குடுக்குற ஒயர் முனையும் காந்திப்போயிருக்கு. கழத்தி, பல்லத் தொடச்சு, ஒயர மாத்தி, அடியில ஒரு முட்டுக் குடுத்தாப் போதும்.”

“அப்பக் கழத்து.”

அவன் கழுத்தைச் சொறிந்தான். “கழத்துறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா அக்கா?”

பார்த்தான். அவன் தொலைத்த ஸ்க்ரூடிரைவர் அவள் மேசைக்கு அடியிலேயே கிடப்பது தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு அவன் நிமிர்வதற்குள் கோயில் கமிட்டித் தலைவர் நாலு பேரோடு உள்ளே வந்து, ஊர்ப் பொருளில் வெளியூர்க்காரன் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது எப்போது ஊர்ப் பொருள் ஆனது என்று செண்பகம் கேட்டாள். ஆனது ஆனதுதான் என்றார்கள். அன்றைக்கே பெட்டிக்குச் சந்தனம் பூசி, கதம்பம் சுற்றி, சாயங்காலம் கடைக்குக் கமிட்டிப் பூட்டு ஒன்றையும் மாட்டிவிட்டார்கள். அவள் கடைக்குள் அவள் போவதற்குக் காலையில் அவர்கள் வந்து திறந்துவிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கடை பட்ட சீரழிவைச் சொல்லி மாளாது. ஊதுபத்திச் சாம்பல் கீபோர்டுக்குள் இறங்கியது. சூடப்புகை விசிறியில் பிசினாக அப்பியது. திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி ஒற்றி, விளக்கெண்ணெய் விரலும் விபூதி விரலும் பதிந்து, அதன் கண்ணாடி பரோட்டாக் கடை மேசையாகிவிட்டது. உடைத்த தேங்காய் மூலையில் புளித்து, உரித்த வாழைப்பழத்தில் கொசுவாக மொய்த்து, வாசலெல்லாம் வெற்றிலைச் சாறு துப்பிக் கிடந்தது. இத்தனைக்கும் நடுவில் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த செண்பகத்தை எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், கும்பிட்ட கையாலேயே கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே குரங்கையே பிடித்துவைத்துப் பிள்ளையார் என்று சுற்றி வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் எட்டிப் பார்க்காதவள் ஒருத்தி மட்டும்தான். சுகப்பிரியாவைப் பெற்ற பேச்சியம்மாள். நாள்தோறும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள், கடை வரும் முன்பே சாலையைக் கடந்து எதிர்ச் சாரிக்குப் போய், கறுப்புக் குடையை இந்தப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பாள். பெற்ற பிள்ளைக்குச் சாவுத் தட்டி போடச் சம்மதித்த பொம்பளைக்குத் திமிரைப் பார் என்று செண்பகம் நினைத்துக்கொள்வாள். அந்தக் குடையைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடு, கோழி, மோட்டார் என்று இருந்தவரைக்கும் அருவருப்பு மூக்கோடுதான் இருந்தது. அது வயிற்றுக்குள் இறங்கியது, மேலத்தெருக்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்த நாளில். தினம் குடித்துவிட்டு அடித்த அடி பொறுக்காமல் அவன் பெண்டாட்டி சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தாள். அவன் திரையைப் பார்த்தான், ராஜபாளையத்தில் அக்காள் வீட்டு மாடியில் அவள் துணி காயப்போடுகிறாள் என்றான், போனான், மறுநாள் பேருந்திலிருந்து அவளை முழங்கையைப் பிடித்து இறக்கிக் கடை வழியாகவே கூட்டிக்கொண்டு போனான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள், மை பொய்க்கவில்லை என்று சொல்லி, திரைக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். செண்பகம் கொல்லைப்புறம் போய்ச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

அந்த வாரத்திலேயே செல்லத்துரை வந்தான். வெள்ளை ஜீப்பை வாசலோடு நிறுத்தி, செருப்பை மட்டும் ஒழுங்காகக் கழற்றி விட்டுவிட்டு, உள்ளே வந்து நின்றான்.

“வெள்ளிக்கிழம மை பாக்கணும்.”

“என்ன தொலஞ்சது?” என்றாள் செண்பகம்.

“எங்க அக்கா மக.”

“அவளுக்குத்தான் அஞ்சலி போடச் சொல்லிட்டீங்களே.”

“போடச் சொன்னோம். அது பாதியில நிக்கிதில்ல? முடிக்கணும்ல?”

சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட முகத்தை மாற்றவில்லை. ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றியது என்ன என்று எல்லோருக்கும் தெரியும், தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் யாருக்கும் இஷ்டமில்லை. கமிட்டித் தலைவர், ஆடு தேடியவனுக்கு ஒரு நீதி, பிள்ளை தேடுகிறவனுக்கு ஒரு நீதியா என்று நியாயம் பேசி, வெள்ளிக்கிழமை காலை என்று அவரே நேரமும் குறித்துக் கொடுத்தார். சங்கிலிப்பாண்டி அன்றைக்குக் கூட்டம் வருமே என்று பாலுக்குக் கூடுதலாகச் சொல்லிவைத்தான். த்தூ என்று வந்தது செண்பகத்துக்கு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வேண்டிய நேரத்தில் அது தானாகவே மூடிக்கொள்கிற அழகை அன்றைக்குப் பார்த்தாள்.

கம்ப்யூட்டரை உடைத்துப் போட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் உடைத்தால், பெண் இருக்கிற இடம் இவளுக்குத் தெரியும், அதனால்தான் உடைத்தாள் என்று இவளைப் பிடித்து உலுக்குவார்கள். இன்னொரு மையைத் தேடியும் போவார்கள். மை தானாகவே பொய்த்துப்போக வேண்டும், அதுவும் ஊரே பார்த்திருக்கும்போது. அவள் அருமைநாயகத்துக்குப் போன் போட்டாள்.

“அந்தக் கார்ட நானே கழத்திக்கிடுறேன். ஒயர் மட்டும் புதுசா வேணும். தேங்காப் பையில போட்டுக் கொண்டா.”

“கழத்தத் தெரியுமா அக்கா?”

“நீ சொல்லு, தெரிஞ்சுக்கிடுறேன்.”

அவன் சொன்னான். அவள் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முத்தூரணி மொத்தமும் கடை வாசலில் நின்றது. இத்தனை நாளும் அந்தச் சந்தனத்தையும் சூடத்தையும் கண்டாலே முகத்தைச் சுளித்தவள், அன்றைக்குத் தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை நுனியில் முடிந்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து வந்து நின்றதைப் பார்த்ததுமே பொம்பளைகள் குலவை போட்டுவிட்டார்கள். அவள் கமிட்டித் தலைவரைப் பார்த்து, கண்ட வீட்டுத் தீட்டும் இதன்மேல் பட்டிருக்கிறது, பெண்பிள்ளை காரியம் பார்க்கும் முன்னால் இதைச் சுத்தி செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் நான் பொறுப்பில்லை என்றாள். சுத்தி என்ற சொல்லுக்கு மறுபேச்சுப் பேச அந்த ஊரில் ஆளில்லை. தலைவரே குத்துவிளக்கைத் தள்ளிவைத்து வழிவிட்டார்.

செண்பகம் மஞ்சள் தண்ணீரை வாசலில் தெளித்தாள், பெட்டியில் தெளிக்கவில்லை. சுவிட்சை அணைத்து ஒயரை உருவினாள். பக்கத்துத் தகரத்தைத் திறந்ததும், இத்தனை நாள் வாங்கிய சூடப்புகையும் மயிரும் தூசியும் கருப்பாக உருண்டு வெளியே விழ, முன்வரிசையில் நின்றவர்கள் அதை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். திருகாணியைக் கழற்றி, கொக்கியை அமுக்கி, கிராபிக்ஸ் கார்டை இரண்டு கையாலும் பிடித்து வெளியே எடுத்து ஊருக்குக் காட்டினாள். குலவை எழுந்தது. பொன்னிறத்தில் வரிசையாக இருந்த அதன் பல்லைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள், தேய்க்கத் தேய்க்க வாய்க்குள் முணுமுணுத்தாள். மந்திரம் என்று கூட்டம் வாய்பொத்தி நின்றது. அவள் முணுமுணுத்தது அருமைநாயகம் சொல்லிக்கொடுத்த வரிசை. விசிறியின் பிசினைத் துடைத்து, கார்டைத் திரும்பவும் ஸ்லாட்டில் வைத்து, ‘டக்’கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். தேங்காய்ப் பையிலிருந்து புது ஒயரை எடுத்து மாட்டினாள். முட்டுக் கொடுக்க ஒன்றும் கொண்டுவரவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. தாம்பாளத்தைப் பார்த்தாள். அதில் காய்ந்த விரலி மஞ்சள் கிடந்தது. ஒன்றை எடுத்து அளவு பார்த்து, நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு, தொங்குகிற கார்டுக்கு அடியில் நிறுத்தினாள். கச்சிதமாக நின்றது. அதற்கும் ஒரு குலவை விழுந்தது.

வேலுமயில் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். செல்லத்துரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான்.

“முதல்ல மை விழுந்தது எங்க தட்டிக்குத்தான். அதையே போடு,” என்றான் செல்லத்துரை.

அவள் அதைத் திறந்தாள். சேமிக்கக் கொடுத்தாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. வழக்கமாகக் கறுக்கிற இடத்துக்கு வந்தது, வாசலில் கடைசி ஆள்வரை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கோடு அந்த இடத்தைத் தாண்டியது. பிறகு முக்காலுக்கு வந்தது, பிறகு முழுசாக ஏறி முடிந்தது, திரை ஒரு சிமிட்டுக்கூடச் சிமிட்டாமல் பளிச்சென்று நிற்க, மாலைக்கு நடுவில் சுகப்பிரியா குபீரென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

இருட்டுக்குள் மகளைத் தேட வந்த வேலுமயில், இத்தனை வெளிச்சத்தில் அவளை எதிர்பார்க்கவில்லை. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டான். செல்லத்துரை மட்டும் திரையை மேலும் கீழும் பார்த்தான்.

“மறைவுன்னு போட்டு வெறுமனே விட்டிருக்கியே. தேதி எங்க?”

செண்பகம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டாள். பயம் போய், அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய குமட்டல் மேலே வந்தது, இந்தத் தடவை அதை விழுங்கவில்லை.

“அத நீங்கதான சொல்லணும். என்னைக்குச் செத்தா? இல்ல, என்னைக்குச் சாவா? வேலுமயிலண்ணே, பெத்தவரு நீங்க சொல்லுங்க. இத்தன பேரு சாட்சிக்கு நிக்கிறாக. சத்தமாச் சொல்லுங்க, அடிச்சிருவோம்.”

வேலுமயில் தோளில் இருந்த மச்சினன் கையைத் தட்டிவிட்டு எழுந்து, நின்றவர்களை இடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வெயிலில் இறங்கிப் போய்விட்டான். செல்லத்துரை சுற்றும்முற்றும் பார்த்தான். அன்றுவரை தெரியாத மாதிரி இருந்த அத்தனை பேரும் இப்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவர்கள் போனதுமே ஊர் தன் சுயரூபத்துக்கு வந்துவிட்டது. செல்லத்துரை கறி தின்றுவிட்டு வந்திருப்பான், அதனால்தான் மை மலையேறிவிட்டது என்று ஒருவன் ஆரம்பிக்க, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவள் சுத்தி செய்ததில் குறை சொல்ல முடியாது, ஊரே குலவை போட்டுப் பார்த்தது. இன்னும் திரும்பக் கிடைக்காத ஒரு பித்தளைக் குத்துப்போணிக்காக ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். கமிட்டித் தலைவர் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, குத்துவிளக்கையும் தூக்கிக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்தார். வாடிய கதம்பத்தையும் புளித்த தேங்காயையும் வெற்றிலைச் சாற்றையும் அவளுக்கு விட்டுவிட்டார்கள். வாளியில் தண்ணீர் மோந்து ஊற்றி, விளக்குமாற்றால் அவள் வாசலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சாரியிலிருந்து கறுப்புக் குடை ஒன்று சாலையைக் கடந்து வந்தது.

பேச்சியம்மாள் படியில் நின்றாள். குடை முகத்துக்கு முன்னாலேயே இருந்தது.

“அந்தப் படம் மட்டும் ஒண்ணு போட்டுக் குடு தாயி. எழுத்து எதும் வேண்டாம்.”

செண்பகத்துக்கு இருந்த எரிச்சலெல்லாம் அவள்மேல் திரும்பியது. “இத்தன நாளா இந்தக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலையே அக்கா. ஊரே வந்து ஆட்டையும் கோழியையும் தேடுச்சு. பெத்த மகளத் தேடணும்னு ஒங்களுக்குத் தோணலையா?”

“தோணாம இருக்குமா? திரும்பிப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிருமே, தாயி. தெரிஞ்சிருச்சுன்னா எங்கிட்ட இருந்து அடிச்சு வாங்கிருவாங்கள்ல. அதான் கொடையப் பிடிச்சுக்கிட்டே போனேன்.”

செண்பகம் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, கண்ணீர் அஞ்சலியை அழித்தாள். தோற்றத்தை அழித்தாள், மறைவை அழித்தாள், குடும்பத்தார் பெயர்களை வரிசையாக அழித்தாள், மாலையைத் தூக்கினாள். பிறகு திரையை வாசல் பக்கம் திருப்பிவைத்தாள்.

“இனிமே இருட்டாதுல்ல?” என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

“இருட்டாது. பாருங்க.”

அவள் குடையை மடக்கினாள்.